சிவப்புக் கோட்டும் மல்லாரியும்: எங்கட பாண்டுக்கு எது சரி?

சைட்டிரம்_திருமலை

எல்லாருக்கும் வணக்கம். நான் 1998 முதல் 2003 வரைக்கும் திருகோணமலையில ஒரு பெண்கள் பாடசாலை பாண்டில சைட் டிரம் அடிச்சனான். இப்ப பின்னேரங்களில அதே பாண்டுக்குப் போய்ப் பிள்ளையளுக்கு ரோல் (ரெண்டு குச்சியாலயும் இடைவிடாமல் உருட்டி அடிக்கிறது) அடிக்கச் சொல்லிக் குடுக்கிறன். சம்பளத்துக்கு இல்ல, விருப்பத்துக்கு. 42 பிள்ளையள் இருக்கிறாங்க. டிரம்முகளோட சிம்பல்ஸ் (பெரிய பித்தளைத் தாளம்), மெலடிக்கா (ஊதிக்கொண்டு கட்டை அமுக்கி வாசிக்கிறது), பியூகிள் (பித்தளை ஊதுகுழல்) எல்லாம் இருக்கு. ரெண்டு விஷயத்தில எங்களுக்குள்ள கருத்து வேறுபாடு. வாத்தியம் தெரிஞ்சவங்க, உடுப்புத் தெரிஞ்சவங்க ஆராவது சொல்லுங்க.

முதலாவது உடுப்பு. வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவியர் புது உடுப்புக்குக் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறாங்க. அவங்க கேக்கிறது எங்கட காலத்துச் சிவப்புக் கோட்டு: கம்பளி மாதிரித் தடிச்ச துணி, உள்ளுக்க லைனிங், கொக்கி போட்டு இறுக்கிற உயர்ந்த கொலர், நெஞ்சில ஒன்பது வரிசை சரிகைக் கயிறு, தோளில குஞ்சம், தலையில வெள்ளை இறகு வைச்ச உயரத் தொப்பி. அந்தக் கோட்டில எனக்கும் உயிர். எனக்குக் கிடைச்ச கோட்டிண்ட கொலருக்கு உள்பக்கம் எனக்கு முந்தி போட்ட மூண்டு அக்காமாரிண்ட பேர் மையால எழுதியிருந்துது. நாலாவதா என்ர பேரை எழுதின அண்டு இரவு நித்திரை வரேல்ல. பூச்சி உருண்டை மணத்தோட அதைப் பெட்டிக்குள்ள இருந்து எடுக்கிறதே எங்களுக்கு ஒரு பெருநாள்.

ஆனா போன வருஷம் ஆடி மாதம் நடந்ததை மறக்கேலாது. ஒத்திகை மூண்டு மணிக்கு. கச்சான் காத்து அனலாய் அடிக்குது, மைதானத்தில மான்கள் கூட மர நிழலை விட்டு வரேல்ல. பழைய கோட்டு போட்டுப் பாக்கச் சொன்னாங்க. அரை மணித்தியாலத்தில ரெண்டு பிள்ளையள் மயங்கி விழுந்திட்டாங்க. ஒருத்தி தரம் 8, சிம்பல்ஸ் பிடிக்கிறவள். முதல் சிம்பல்ஸ் நிலத்தில விழுந்த சத்தம், பிறகு அவள். ஓடிப்போய்க் கொலர்க் கொக்கியைக் கழட்டினன். கழுத்தைச் சுத்திச் சிவப்பாய் ஒரு கோடு. தண்ணி தெளிச்சுக் கண் முழிச்ச உடனே அவள் கேட்டது, "அக்கா, என்னை பாண்டில இருந்து எடுத்திடுவாங்களா?" எண்டுதான். அண்டைக்கே நான் முடிவெடுத்திட்டன், இந்தத் துணி இனிப் பிள்ளையளிண்ட உடம்பில ஏறக் கூடாது எண்டு.

இன்னொண்டு, இது டிரம் அடிச்சவங்களுக்கு விளங்கும். எங்கட பாண்டுக்கு ஒரு தனிப் பாணி இருக்கு எண்டு ஊருக்க பேர்: இடது கை அடி கொஞ்சம் மெதுவா, இழுபட்ட மாதிரி விழும். நாங்களும் அதைப் பெருமையாத்தான் சொல்லுவம். புதுப் பிள்ளையளுக்கும் அப்பிடியே பழக்கினன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பிள்ளையள் ரீ-சேர்ட்டோட பழகேக்க பாத்தால் ரெண்டு கையும் ஒரே அளவு. கோட்டைப் போட்ட உடனே இடது கை சோருது. கோட்டிண்ட கக்கம் இறுக்கம், கை உயராது. தோள்க் குஞ்சத்தில டிரம் வார் வழுக்கும், அதைப் பிடிச்சுக் கொள்ள இடது தோளைத் தூக்கி வைச்சே அடிக்க வேணும். அப்ப நாங்கள் 'பாணி' எண்டு காப்பாத்தினது தையல்காரர் குறுக்கி வெட்டின கக்கத்தைத்தான். ஆறு வருஷம் அதுக்குள்ள கை வைச்சு அடிச்ச எனக்கே இது தெரியாமல் இருந்துது.

ரெண்டாவது, என்ன வாசிக்கிறது. அணிநடைக்கு எப்பவும் பழைய இங்கிலீஷ் மார்ச் ஒண்டுதான். இந்த முறை மைதானத்துக்குள்ள நுழையேக்க மல்லாரி, அதுதான் சாமி ஊர்வலத்துக்கு நாதசுரத்தில வாசிக்கிற மெட்டு, வாசிப்பம் எண்டு நான் கேட்டன். சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வரேக்க, வாசலில நிறைகுடம் வைச்சுக் காத்துக்கொண்டு நிக்கேக்க, தூரத்தில முதல் கேக்கிறது நாதசுரமும் தவிலுந்தானே. சாமி நடக்கிறதுக்கெண்டே இருக்கிற வாத்தியம் அது. நடக்கிற பிள்ளையளுக்கு அதைவிட வேறென்ன வேணும்?

எங்கட பாண்ட் மாஸ்டர் ஐயா படையில வாத்தியம் வாசிச்சு ஓய்வு பெற்றவர், நல்ல மனுசன். அவர் ஓம் எண்டார். ஆனா நிமிஷத்துக்கு 120 அடி, ஒண்டுக்கும் மூண்டுக்கும் அழுத்தம், நீட்டல் எல்லாத்தையும் வெட்டி எழுதித் தந்தார். கேட்டுப் பாத்த சங்கீத ரீச்சர், "இது மல்லாரி இல்ல, மல்லாரியிண்ட எலும்பு" எண்டுட்டா. ஐயா சொல்றார், "கால் ஒண்டாய் விழாட்டி அது அணிநடை இல்ல." ரெண்டு பேரிலயும் எனக்கு மரியாதை இருக்கு. எந்தப் பக்கம் போறது?

---

பாஸ்டிரம்_ரொறன்ரோ

தங்கச்சி, நான் திருக்கடலூர். அப்பா கரைவலை இழுத்தவர். எழுபதுகளிண்ட கடைசியில ஆம்பிளைப் பிள்ளையளிண்ட பாடசாலையில பாஸ் டிரம் அடிச்சனான்.

உங்கட கதையில மயங்கின பிள்ளையை நினைச்சு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கோட்டைக் கழட்டிப் போடாதையுங்கோ. எங்கட வீட்டில நல்ல உடுப்பு எண்டு ஒண்டும் இருக்கேல்ல. தீபாவளிக்கு ஒரு சேர்ட், அதோட சரி. அந்தக் கோட்டைப் போட்டு முன் வரிசையில நிக்கேக்கதான், டொக்டரிண்ட மகனுக்கும் எனக்கும் வித்தியாசம் ஒண்டுமில்லாமப் போச்சுது. அப்பா மக்கெய்சர் மைதான மதிலுக்கு வெளியில நிண்டு பாத்தவர். உள்ளுக்க வரக் கூச்சம், சாரத்தோட நிண்டதால. அண்டைக்கு இரவு அவர் என்ர தலையைத் தடவினார். அதுக்கு முந்தி அப்பிடித் தடவினதாய் எனக்கு ஞாபகமில்ல. கோட்டைத் திருப்பிக் குடுக்கேக்க ஒரு பித்தளைப் பொத்தான் கழண்டு என்ர கையில வந்திட்டுது. அதை நான் குடுக்கேல்ல. இண்டைக்கும் என்னட்ட இருக்கு.

இப்ப பிள்ளையளுக்கு ரீ-சேர்ட்டும் தொப்பியும் குடுத்தால் ஆர் ஞாபகம் வைச்சிருப்பாங்கள்? கம்பனி விளம்பரத்துக்கு நடக்கிறவங்களும் அதைத்தானே போடுறாங்கள்.

மல்லாரி பற்றி ஒரு கேள்வி. உங்கட பாண்டில எல்லாரும் சைவப் பிள்ளையளா? எங்கட காலத்தில பக்கத்தில டெனர் டிரம் அடிச்சவன் பாலையூற்றுப் பறங்கிக் கிறிஸ்தவன், பியூகிள் ஊதினவன் கிண்ணியா முஸ்லிம். எல்லாருக்கும் பொதுவா ஒரு மார்ச் இருந்தது நல்லதாப் போச்சுது.

---

கத்தரிக்கோல்_மத்தியவீதி

அக்கா, எங்கட அப்பாவும் இப்ப நானும் தையல். பாண்ட் உடுப்பும் தைச்சிருக்கிறம். அந்த அண்ணைக்கும் உங்களுக்கும் சண்டை தேவையில்ல, ரெண்டு பேர் கேக்கிறதும் ஒரே கோட்டில வரும். வெட்டுத் தெரிஞ்சால் சரி.

கை உயர வேணுமெண்டால் கக்கத்தைப் பெரிசா வெட்டச் சொல்லித்தான் எல்லாரும் வந்து கேப்பாங்க. அது பிழை. கக்கம் இறங்க இறங்க, கையைத் தூக்கேக்க முழுக் கோட்டும் மேல இழுபடும். கைக்குழியைச் சின்னதா, கக்கத்துக்குக் கிட்ட உயர்த்தி வெட்டி, கைத்துணியை அகலமா விட்டு, அடியில சாய்சதுரமா ஒரு துண்டு வைச்சுத் தைக்க வேணும். அப்ப கை மட்டும் எழும்பும், கோட்டு அசையாது. உங்கட பழைய கோட்டுகள் நேரா நிக்கிற ஆளுக்கு வெட்டினது. அளவெடுக்கேக்க பிள்ளையிண்ட கையில ஸ்ரிக்கைக் குடுத்து, அடிக்கிற மாதிரி நிக்கச் சொல்லி எடுங்க.

துணிக்குக் கம்பளிக் கலப்பு வேண்டாம். பருத்தி ட்வில் எடுத்தால் காத்துப் போகும், ஆனா கசங்கும், சிவப்பும் மங்கும். பொலியஸ்டரும் விஸ்கோசும் கலந்த மெல்லிய துணி நிறம் நிக்கும், தோய்க்கலாம். லைனிங்கை நெஞ்சுக்கும் தோளுக்கும் மட்டும் போடுங்க, முதுகை வெறுமையா விடுங்க. வேர்க்கிறது முதுகுதான். கொலரைக் கழுத்திண்ட பின்பக்கம் உயர்த்தி, முன்னால ரெண்டு விரல் திறந்து விடலாம். தூரத்தில பாத்தால் மூடின மாதிரித்தான் தெரியும்.

சரிகையைப் பற்றியும் சொல்ல வேணும். உலோகச் சரிகை எங்கட உப்புக் காத்துக்கு ரெண்டு வருஷத்தில கறுக்கும். பிளாஸ்டிக் இழைச் சரிகை கறுக்காது, விலையும் குறைவு. டிரம் வார் போற தோளில குஞ்சத்தை எடுத்திட்டு, வாரைப் பூட்டுறதுக்கு அதே நிறத்தில ஒரு பட்டி தைச்சு விடுங்க. தோளைத் தூக்க வேண்டி வராது.

இறகுத் தொப்பி எனக்குத் தெரியாத வேலை. அதைப் பற்றிக் கதைக்கேல்ல.

---

சைட்டிரம்_திருமலை

தம்பி, கக்கம் பற்றி நீங்க எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். பெரிசா வெட்டச் சொல்லித்தான் நானும் கேக்க இருந்தனான்.

ரொறன்ரோ அண்ணை, உங்கட அப்பா மதிலுக்கு வெளியில நிண்டதை வாசிச்சுப் போட்டு கன நேரம் அப்பிடியே இருந்தனான். ரீ-சேர்ட் எண்டு நான் சொல்லேல்ல. அதை நானும் விரும்பேல்ல. எங்கட பாண்டில முஸ்லிம் பிள்ளையள் ஏழு பேர், கிறிஸ்தவப் பிள்ளையள் ஒன்பது பேர். மல்லாரிக்குச் சொல் இல்ல, வெறும் சுரமும் தாளமுந்தான். இருந்தாலும் அந்தப் பிள்ளையளிட்டயும் தாய் தகப்பனிட்டயும் நேரா கேட்டிட்டுத்தான் தொடங்குவன். கேக்காமல் விட்டது என்ர பிழை. நன்றி.

---

தம்புரா_மட்டக்களப்பு

நான் மட்டக்களப்பில சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில இசை படிச்சனான், சொந்த இடம் தம்பலகாமம். மல்லாரி பற்றி மட்டும் சொல்றன்.

மல்லாரி கம்பீர நாட்டை ராகம். ச, க, ம, ப, நி, அஞ்சே சுரம். அதில வாற காந்தாரமும் நிசாதமும் உங்கட மெலடிக்காவில வெள்ளைக் கட்டையில கிடைக்கிற அதே சுரங்கள். சீயைச் சட்ஜமமா வைச்சால் சீ, ஈ, எஃப், ஜீ, பீ. கறுப்புக் கட்டை ஒண்டும் தேவையில்ல. பல ராகங்களை இப்பிடி நேர்ச் சுரமா ஊதினால் ஆளே மாறிப்போகும். கம்பீர நாட்டை நேரா நிண்டாலும் முகம் தெரியும். அதனால உங்கட தெரிவு நல்ல தெரிவு.

பியூகிளை என்ன செய்யப் போறீங்க எண்டு எழுதேல்ல. அதில வால்வு இல்ல, இயற்கையா வாற சுரங்கள்தான்: ப, ச, க, மேல் ப. மத்திமமும் நிசாதமும் வராது. மெட்டை அதுக்குக் குடுக்காதீங்க. சட்ஜமமும் பஞ்சமமும் நீட்டிப் பிடிக்கட்டும், ஒத்து மாதிரி. நாதசுரக்காரருக்குப் பக்கத்தில ஒத்து ஊதுறவர் இல்லாமல் மல்லாரி நிக்காது. உங்கட பாண்டில அந்த இடம் வெறுமையாக் கிடக்கு, பியூகிள் அங்க போகட்டும்.

வேகம் பற்றி மாஸ்டர் ஐயாவும் ரீச்சரும் சொல்றது ரெண்டும் சரி. மல்லாரியை மூண்டு காலத்திலயும், அதாவது மூண்டு வேகத்திலயும், வாசிப்பாங்க. தாளம் அசையாமல் நிக்கும், மெட்டு அதுக்கு மேல இரட்டிக்கும். அப்ப காலை ஐயாவிட்டக் குடுங்க, மெட்டை ரீச்சரிட்டக் குடுங்க. ஐயா கேக்கிற வேகத்தில பாஸ் டிரம் கால் போடட்டும். மெட்டு முதல் தரம் முதலாம் காலத்தில, விரிவா, நீட்டலோட வரட்டும். திரும்பி வரேக்க இரட்டிச்சு வரட்டும். நீட்டலை வெட்ட வேண்டிய தேவையே இல்ல.

ஒண்டைக் கவனியுங்க. ஆதி தாளத்தில இருக்கிற மல்லாரியை எடுங்க. எட்டு எண்ணிக்கை, ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளத்திண்ட ஒரு முழுச் சுத்து) இடது காலில தொடங்கும். வேற தாளத்திலயும் மல்லாரி இருக்கு. ஏழு எண்ணிக்கை வந்தால் ஒரு சுத்து இடது காலில, அடுத்த சுத்து வலது காலில தொடங்கும். பிள்ளையள் தடுமாறுவாங்க. ஐயாவிண்ட ஒண்டு-மூண்டு அழுத்தத்தையும் குறைக்கச் சொல்லிக் கேளுங்க. தவில் அப்பிடிச் சம தூரத்தில குத்தாது; ஆவர்த்தனத்திண்ட முடிவை நோக்கிப் பாரம் கூடிக்கொண்டு போய்ச் சமத்தில, அதாவது அடுத்த சுத்திண்ட முதல் அடியில, விழும். சைட் டிரம்முக்கு நீங்க அடி எழுதேக்க அதை நினைச்சு எழுதினால் எலும்புக்குத் தசை வரும்.

இங்கிலீஷ் பாண்டும் எங்கட சங்கீதமும் கலக்கிறது புதுசில்ல. கிழக்கிந்தியக் கொம்பனிப் படையிண்ட பாண்டைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினவர், சங்கராபரணத்தில. நோட்டுஸ்வரம் எண்டு சொல்றது அதைத்தான். பிரித்தானிய அரச கீதத்திண்ட மெட்டுக்கும் ஒண்டு இருக்கு. அவர் அங்க இருந்து எடுத்தார், நீங்க இங்க இருந்து அங்க குடுக்கிறீங்க.

---

ஒகையோ_திருமலையான்

உட்துறைமுக வீதியில பிறந்தனான், இப்ப ஒகையோ மாநிலம். இஞ்ச டிரம் கோர் எண்டு ஒரு உலகம் இருக்கு. 22 வயசுக்கு உட்பட்ட பிள்ளையள் கோடை முழுக்க ஊர் ஊராப் போய்ப் போட்டி போடுவாங்க, பித்தளை வாத்தியமும் டிரம்மும் கொடியுந்தான் முக்கியம். எங்கட மாநிலத்துக் கான்டன் நகரத்துக் குழு புளூகோட்ஸ். நீங்க எழுதின ரெண்டு சண்டையும் இஞ்ச எத்தனையோ வருஷமா நடக்குது.

அமெரிக்காவில இது பழைய போர்வீரர் சங்கங்கள் வளர்த்த கலை, அதால உடுப்பும் படை உடுப்பு. 1972இல விஸ்கொன்சின் மாநிலத்து வைட்வாட்டரில டிரம் கோர் இன்ரநாஷனல் முதல் சாம்பியன் போட்டி வைச்சுது, அனகைம் கிங்ஸ்மென் வெண்டது. அந்தக் காலத்து வரிசைகள் உங்கட சிவப்புக் கோட்டுக்குக் கிட்டத்தான். கடெற்ஸ் எண்ட குழு வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி உடுப்பையே பின்பற்றினது. 1999 வரைக்கும் ஜி சுருதிப் பியூகிள் மட்டுந்தான், 2000இல மற்றச் சுருதிகளுக்கும் வழி விட்டாங்க. அதுக்கே "எங்கட சத்தம் செத்துப்போச்சு" எண்டு பழைய ஆக்கள் கொதிச்சாங்க.

இசையை எப்பிடி எடுக்கிறது எண்ட சண்டைக்கு 1993ஐச் சொல்லலாம். ஸ்ரார் ஒப் இண்டியானா குழு சாமுவேல் பார்பரும் பேலா பார்ட்டோக்கும் எழுதின கடினமான இசையை எடுத்து, கைதட்டலுக்கு இடம் விடாமல் செய்தாங்க. சில இடத்தில சனம் கூச்சல் போட்டது. 0.1 புள்ளியால ரெண்டாம் இடம். இண்டைக்கு அந்த நிகழ்ச்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறாங்க.

உடுப்புக்கு 2016. புளூகோட்ஸ் உயரத் தொப்பி இல்லாமல், உடம்போட ஒட்டின வெள்ளை உடுப்போட வந்து, சரிவான மேடைகளில ஏறி இறங்கி வாசிச்சு முதல் தரம் சாம்பியன் ஆனாங்க. முகம் தெரிஞ்சுது, தலை திரும்பிறது தெரிஞ்சுது. இப்ப கனக்கக் குழுக்கள் அந்த வழியில. ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. தொப்பியும் கோட்டும் இருந்த காலத்தில மேல் வரிசையில இருந்து பாக்கேக்க நூற்றுக்கு மேல பேர் ஒரு உடம்பு மாதிரித் தெரிவாங்க. ஒட்டின உடுப்பில ஆக்கள் தனித்தனியாத் தெரியிறாங்க. வாசிப்பும் அப்பிடி மாறிட்டுது எண்டு எனக்குப் படுது. உடுப்புக்கும் அடிக்கும் தொடர்பு இருக்கு எண்டு அக்கா சொன்னதை நான் முழுக்க ஏற்கிறன்.

ஒட்டின உடுப்பை மட்டும் இஞ்ச பாத்துப் போட்டு அங்க கொண்டு வராதீங்க. இறுதிப் போட்டி நடக்கிற இண்டியானாபொலிஸ் அரங்குக்குக் கூரை இருக்கு. திருமலையில தலைக்கு மேல சூரியன், பக்கத்தில தாய் தகப்பன். கோட்டு இருக்கட்டும், தொப்பியைக் குறையுங்க. நெஞ்சுச் சரிகைக் கயிறு ஹங்கேரிக் குதிரைப்படையிட்ட இருந்து வந்தது, உயரத் தொப்பியும் அங்க இருந்துதான். பாஸ் டிரம்மும் சிம்பல்ஸும் துருக்கி ஜானிசரிப் படை வாத்தியத்தில இருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. இங்கிலீஷ்காரனே கண்டதைக் கேட்டதைச் சேர்த்துக் கட்டினதுதான். நாங்கள் ரெண்டு கயிறைக் குறைச்சால் ஆருக்கும் குற்றமில்ல.

நடை வேகமும் அப்பிடித்தான். பிரித்தானியச் சாதாரணப் படை 120க்குக் கிட்ட, அவங்கட இலகு காலாட்படை 140, பிரெஞ்சு வெளிநாட்டுப் படை 88. மூண்டும் அணிநடைதான்.

---

சைட்டிரம்_திருமலை

சனிக்கிழமை காலையில ஆறரைக்கு, வெயில் ஏற முந்தி, செய்து பாத்தம். எழுதாமல் இருக்கேலாது.

தம்பலகாமத்துப் பிள்ளை எழுதினதை அச்செடுத்து மாஸ்டர் ஐயாவிட்டக் குடுத்தன். கோவிப்பாரோ எண்டு பயந்தனான். கண்ணாடியைப் போட்டு நிண்டபடியே வாசிச்சார். பிறகு ஒண்டும் சொல்லாமல் பியூகிள் பிள்ளையள் ஆறு பேரையும் பின் வரிசையில இருந்து நடுவுக்குக் கொண்டு வந்தார். சட்ஜமமும் பஞ்சமமும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அந்தச் சத்தம் நிண்டதுக்கு மேல மெலடிக்கா முதலாம் காலத்தில தொடங்கின உடனே எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. மதிலுக்கு அங்கால மீன் சைக்கிளில போன ஒருவர் காலை ஊண்டி நிண்டிட்டார்.

வேகம் 120இல சின்னப் பிள்ளையளுக்குக் கால் எட்டேல்ல. 30 அங்குலக் கவடு தரம் 7 பிள்ளைக்கு எப்பிடி வரும்? ஐயாவே 108க்கு இறக்கினார். 88இல நடக்கிற படையும் இருக்கு எண்டதைச் சொன்னன். "தெரியும், நான் கேட்டிருக்கிறன்" எண்டார். அழுத்தம் விஷயத்தில இன்னும் ஒத்து வரேல்ல. சமத்தில மட்டும் பாரம் விழுந்தால் கால் தூங்கும் எண்டு அவர் நினைக்கிறார். நான் சைட் டிரம்முக்கு ரெண்டு விதமா எழுதிக் குடுத்திருக்கிறன், ரெண்டையும் அடிச்சுப் பாத்து ரீச்சரும் அவரும் சேர்ந்து சொல்லட்டும்.

தாய் தகப்பன் ஆக்களோட கதைச்சன். ஒரு தாய் மட்டும் யோசிச்சுச் சொல்றன் எண்டா. அவவிண்ட மகள் பாஸ் டிரம். பதில் வரும் வரைக்கும் பழைய மார்ச்சையும் சேர்த்தே பழகிறம்.

உடுப்பு: சிவப்புக் கோட்டு, மெல்லிய துணி, முதுகுக்கு லைனிங் இல்ல, கொலர் முன்னால திறந்து, சரிகை ஒன்பது வரிசைக்குப் பதிலா அஞ்சு. தொப்பி லீடருக்கு மட்டும். மற்றப் பிள்ளையள் தலை வாரிப் பின்னி, வெள்ளை நாடா. முக்காடு போடுற பிள்ளையளுக்கு வெள்ளை முக்காடு. காசு அனுப்பின அக்காமாரில ரெண்டு பேருக்குத் தொப்பி போறது விருப்பமில்ல. அவங்களுக்கு நான் மயங்கின பிள்ளையிண்ட கழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறன். அவள் இப்பவும் சிம்பல்ஸ்தான், ஆரும் எடுக்கேல்ல.

வாற வெள்ளிக்கிழமை அளவெடுக்கிறம், எல்லாரிண்ட கையிலயும் அவங்கட வாத்தியத்தைக் குடுத்து. கொலருக்கு உள்பக்கம் பேர் எழுத வெள்ளைத் துணிப்பட்டி ஒண்டு, பத்துப் பேர் எழுதக் கூடிய நீளத்துக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறன்.

ரொறன்ரோ அண்ணை, கடையில இப்ப கிடைக்கிற பொத்தான் எல்லாம் பிளாஸ்டிக், பாரமில்ல. உங்களிட்ட இருக்கிற பித்தளைப் பொத்தானை ஒரு ரூலருக்குப் பக்கத்தில வைச்சு, முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுவீங்களா? இஞ்ச பித்தளை வேலை செய்யிற ஒருவரிட்டக் காட்டி, அதே அளவில வார்க்கேலுமோ எண்டு கேக்கப் போறன்.